லிண்ட்சே வராத தீவு

பீல், மான் தீவு
ஜூன் மாதம், சனிக்கிழமை மாலை

அன்புள்ள லிண்ட்சே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நேற்று உன் வீட்டுக்குப் போன் போட்டு நோலீனோடு பேசினேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு இன்னும் பேச்சு வரவில்லை, சூப் கூடக் குழாய் வழியாகத்தான் என்றாள். "பேச்சு போனது அவருக்கு ஒண்ணும் பெருசா தெரியல கிரேம், எப்பத்தான் அவர் பேசினார்" என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் அழுகையாகிவிட்டது.

போனில் உன்னோடு பேச வழியில்லாததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வலி தணிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் படி. நோலீன் பக்கத்தில் இல்லாதபோது படி. நோலீனிடம் காட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்.

முதலில் நம் மோட்டார் சைக்கிள்கள். இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பிப்ரவரியில் நம் ஊர்ப் பக்கம் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தில் நாம் இருவரும் கன்டெய்னருக்குள் மண்டியிட்டு எப்படிப் பட்டை போட்டுக் கட்டினோமோ, இங்கிலாந்தில் கதவைத் திறந்தபோது அப்படியே நின்றன. உன் நார்ட்டனின் கண்ணாடியில் மட்டும் உப்புப் பூத்திருந்தது. கப்பல் கிளம்பிய வாரம்தான் உனக்குக் குரல் கம்மியது, நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் மழையில் நின்றதால் வந்த சளி என்று நினைத்தோம். முப்பது வருடங்களாக இந்தத் தீவின் பைக் பந்தயத்தைப் பார்க்கப் போவோம் போவோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் உன் வண்டி மட்டும் உலகத்தைப் பாதி சுற்றி வந்துவிட்டது. நீ இன்வர்கார்கிலில் மருத்துவமனை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய்.

நான் விமானம் ஏறும் முன்பு நீ காகிதத்தில் எழுதிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. "அங்கேயே விற்றுவிடு. திரும்பக் கொண்டு வராதே." சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? ஆனால் இங்கிலாந்துக் கிடங்கிலிருந்து தீவுக்குக் கப்பல் ஏறும் துறைக்கு இரண்டு வண்டிகளை ஒருவன் எப்படி ஓட்டுவான்? டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்கும்தான். நான் கேட்டுப் பார்க்கவில்லை. லீட்ஸுக்கு, உன் மகன் கிரெய்குக்குத் தகவல் அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பாய்.

வருவான் என்று நான் நம்பவில்லை. வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, லிண்ட்சே. அவன் கிடங்கு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு நொடி நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "எவ்வளவு நாள் தாங்குவார்?" என்றுதான் கேட்டான். டாக்டர் உன்னிடமும் நோலீனிடமும் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான். "இந்த கிளட்ச் இன்னும் இப்படித்தான் இருக்கா? கை ஒடியும். மாத்தவே மாட்டாரு மனுஷன்" என்று முனகினான். பிறகு உதைத்துக் கிளப்பினான். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

கப்பலில் அவன் உள்ளே வந்து உட்காரவில்லை. மேல்தளத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே ஜெர்மன்காரக் கும்பலோடு உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

இங்கே நமக்காக எடுத்திருந்த அறையில் உன் கட்டிலில்தான் அவன் படுக்கிறான். வீட்டுக்காரம்மா மிஸஸ் க்வேல், காலையில் புகைபோட்ட மீனை வறுத்து வைத்துவிட்டு, "உங்க சிநேகிதர் எப்ப வர்றார்?" என்று முதல் நாள் கேட்டார். கிரெய்க் முந்திக்கொண்டு, "அவர் வரல. நான் அவர் பையன்" என்றான். பதினோரு வருடங்களில் அவன் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதும் காரணம்.

வியாழக்கிழமை பயிற்சி ஓட்டம் பார்க்கப் போனோம். வேலிச் செடிகளுக்குப் பின்னால், ரோட்டை ஒட்டின வயல்மேட்டில் உட்கார்ந்திருந்தோம். வண்டிகள் போகும்போது நெஞ்சுக்கூடு அதிர்கிறது. நாம் டிவியில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. திடீரென்று சிவப்புக் கொடி காட்டினார்கள். எல்லாச் சத்தமும் நின்றது. மேலே ஹெலிகாப்டர் வந்தது. ஒரு அம்மாள் தெர்மாஸ் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அரை மணி கழித்து, கால் முறிவுதான், உயிருக்குப் பயமில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டினார்கள். கிரெய்க் எழுந்து வேலி ஓரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை கிரேம். ஒரே ஒரு வார்த்தை அவர் டீன்கிட்ட சொல்லியிருந்தா என் தம்பி இன்னிக்கு இருப்பான். நாங்க மூணு பேரும் இந்த மேட்டுல உக்காந்திருப்போம்."

லிண்ட்சே, அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

டீன் இறந்த அந்தத் தெருப் பந்தயத்தன்று கூடாரத்துக்குள் இருந்தது நீ, நான், டீன் மூன்று பேர்தான் என்று சொன்னேன். "ரோடு காயலடா, இந்த ஒரு ரேஸை விட்டுடு" என்று நீ மூன்று தடவை சொன்னதைச் சொன்னேன். கடைசியில் வண்டிக்கு முன்னால் போய் நீ நின்றாய். "உனக்கு வயசாயிருச்சுப்பா, பயப்படுற. தள்ளு" என்று டீன் சிரித்துக்கொண்டே உன்னை ஒதுக்கிவிட்டுப் போனான். அதையும் சொன்னேன். அதற்குச் சற்று முன்புதான் அவன் லீட்ஸுக்குப் போன் போட்டு, கவலைப்பட்ட அண்ணனிடம், "அப்பாவே ஓட்டலாம்னு சொல்லிட்டாரு" என்று புளுகியிருக்கிறான். நமக்கு அது அடக்கத்தன்று, கிரெய்க் எல்லோர் முன்னாலும், "நீங்கதானே போகச் சொன்னீங்க" என்று உன்மேல் பாய்ந்தபோதுதான் தெரிந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்தினாய். பிறகு ஷெட்டில் வைத்து என்னிடம் சொன்னாய்: "அவன் அண்ணன்கிட்ட கடைசியா பேசினது பொய்னு யாருக்கும் தெரிய வேணாம் கிரேம். என்னோட போகட்டும்."

பதினோரு வருடம் உன் பேச்சைக் காப்பாற்றினேன். நீதான் அவனைப் போகச் சொன்னாய் என்ற அதே எண்ணத்தோடு நோலீன் கூட உன் பக்கத்தில் படுத்து எழுந்ததைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. உன்னோடு போகட்டும் என்று நீ சொன்னபோது அது ஒரு பேச்சாக இருந்தது. இப்போது அது நிஜமாகவே உன்னோடு போகப் பார்க்கிறது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்.

அவன் உடனே அழுதான், அப்பா என்று உருகினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எழுந்து வயலின் அந்தக் கோடி வரை நடந்து போனான். வெகுநேரம் கழித்து வந்தான். "நான் கத்தினப்ப நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என்னைப் பதினோரு வருஷம் முட்டாளாக்கி வச்சிருந்தாரே" என்றான். பிறகு, "டீன் என்கிட்ட பொய் சொன்னான்னு இப்ப சொல்றீங்க. அவனை நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றான். அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது அவன் அறையில் இல்லை. கொல்லைப்புறத்தில் உன் வண்டியைத் தார்ப்பாய்மேல் நிறுத்தி, மிஸஸ் க்வேலிடம் வாங்கிய பல் துலக்கும் பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துளி மண் இருந்தால் கூட நம் ஊர்த் துறைமுகத்தில் இறக்க விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மட்கார்டைக் கழற்றி அடியிலெல்லாம் துடைத்தான். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்ன யார்க்ஷயர்காரர் ஒருவர் அன்றைக்கு மறுபடி வந்தார். கிரெய்க் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "விக்கிறதா இல்லையான்னு எங்கப்பாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டான்.

இன்று காலை மான்செஸ்டரிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டான். தான் வருவதை நோலீனிடம் சொல்ல வேண்டாம் என்கிறான். உன்னைப் பார்க்கத் துணிவு வராமல் வழியிலேயே திரும்பிவிடுவோமோ என்று அவனுக்கே பயம். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில் கொடுக்கும் வரை அவன் திரும்ப முடியாது அல்லவா?

ஆகவே நீ இதைப் படிக்கும்போது அவன் அறைக்குள்தான் எங்காவது நிற்பான். கோபத்தோடுதான் வந்திருப்பான். அவன் கோபப்படட்டும், அதற்கு அவனுக்கு நியாயம் இருக்கிறது. அன்றைக்குப் போல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிடாதே. காகிதத்தை எடுத்து எழுது. உனக்குச் சரி என்று பட்டால் நோலீனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை.

நான் உடனே கிளம்ப முடியாது. வண்டிகளைக் கிடங்கில் சேர்த்து, ஆய்வு முடித்து, கன்டெய்னரில் ஏற்றிப் பூட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். ஜூலை நடுவில் வந்துவிடுவேன். நேராக விமான நிலையத்திலிருந்து உன்னிடம்தான் வருவேன்.

அதுவரை இரு, லிண்ட்சே. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

என்றும் உன்,
கிரேம்