முதல் இரண்டு மூட்டை

என்னங்க,

புயல் மெட்ராஸ் பக்கம் கரையைக் கடக்கிறதாம். சாயங்காலம் இங்கேயும் மழை கொட்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை, போகிறேன். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டேன். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது.

மணல் மூட்டை நாலில் இரண்டை முதலில் பக்கத்து வீட்டு மரகதக்கா வாசலில் போடுங்கள். அப்புறம் நம் வாசல். "அவங்க வூட்டை அவங்க பாத்துக்கட்டும்" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். போன மழைக்கு நாலையும் நமக்கே அடுக்கினோம்; சாக்கடை மோரித் தண்ணீர் திரும்பி அப்படியே அவர்கள் வீட்டுக்குள் போனது. அடுக்கியது நீங்கள், எடுத்துக் கொடுத்தது நான்.

ஸ்டெல்லா

பி.கு.: அன்றைக்கு அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "உங்க வூட்டுக்குள்ள வரலியே ஸ்டெல்லா?" என்று கேட்டார். நம் காய்ந்த தரையைப் பார்த்துவிடுவாரே என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.