டியெம்முக்கு வந்த வரன்

வின்லாங், வியட்நாம்
3 மார்ச் 2010

அன்புத் தங்கை ஞுங்குக்கு,

இங்கு எல்லோரும் சுகம். என் மகள் டியெம்முக்குக் கொரியாவிலிருந்து வரன் வந்திருக்கிறது. இவளுக்குப் பத்தொன்பது, மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. "உங்க தங்கச்சி அங்க ராணியாட்டம் இருக்காளே, அப்புறமென்ன யோசனை?" என்கிறாள் தரகர் அம்மா. டியெம்மும் ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒன்பது வருஷமாக அங்கே வாழ்பவள் நீ. போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். விவரமாக எழுது.

உன் அக்கா,
தாம்

கோஹங், கொரியா
20 மார்ச் 2010

அன்புள்ள அக்கா,

அனுப்பாதே.

போன் பேசினால் மாமியார் பக்கத்திலேயே வந்து நிற்பார். நம் மொழியில் ஒரு சொல் தெரியாது, இருந்தாலும் நிற்பார்.

என் கணவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. வயிறு வாடவில்லை. குடியுரிமை வாங்கிவிட்டேன், பெயரையும் மாற்றிக்கொண்டேன். ஆனாலும் சந்தையில் பூண்டு விற்கிறவள், "நீ எந்த ஊரும்மா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். "இந்த ஊர்தான்" என்றால் சிரிக்கிறாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் விழா. "அம்மா, நீ வா. ஆனா அங்க யார்கிட்டயும் பேசாத, என்ன?" என்றாள் சோமின். நான் பெற்ற மகள், எட்டு வயது. போய் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

அவளை விட்டு வரவும் முடியாது. கூட்டி வந்தால் அங்கே அவள் ஊமை.

டியெம் வேண்டாம், அக்கா.

ஞுங்

வின்லாங்
15 ஜூன் 2010

ஞுங்,

நீ ஓட்டு வீட்டில் இருப்பாய், என் மகள் மட்டும் ஓலைக்குடிசையில் கிடக்கணுமா? "சித்திக்குப் பொறாமை" என்கிறாள் டியெம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கல்யாணம் முடிந்தது. ஜூலை ஆறாம் தேதி வந்து இறங்குகிறாள். இனி எனக்கு எழுதாதே.

தாம்

கோஹங்
8 ஜூலை 2010

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

விடியற்காலையில் பஸ் ஏறி விமான நிலையம் போனேன். "உனக்கு அங்க என்ன வேலை?" என்றார் கணவர். "என் அக்கா மக வர்றா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாப்பிள்ளை முன்னாலேயே வந்து அவளோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் டியெம் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, இவரு என்னமோ கேக்குறாரு, ஒண்ணும் புரியல."

"பசிக்குதான்னு கேக்குறாரு."

தலையாட்டினாள். சாப்பிட்டோம். பிறகு மாப்பிள்ளை காரை எடுத்துவர, ஏறும் முன் என் காதருகே வந்து, "இது எப்ப சித்தி நம்ம ஊரு மாதிரி ஆகும்?" என்றாள்.

"சீக்கிரமே ஆயிடும்டி" என்றேன்.

நம்பிவிட்டாள், அக்கா. சிரித்துக்கொண்டே போனாள்.

ஞுங்