அந்த மதர்போர்டை வாங்கியது நான்தான்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பா என்னைவிட ஒரு சுற்று அதிகமாகவே நலம். உன் நலத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. உனக்கு இருமல் என்றும், புது மேலாளர் நல்ல மாதிரி என்றும், தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாய் என்றும் அவர்தான் சொன்னார். பெற்ற பிள்ளையின் சேதியை அடுத்தவர் வாயால் கேட்கிற காலமும் எனக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். இப்போது நீ கூப்பிடுவதே அவர் போனில், அது என் கைக்கு வந்தால்தானே. அதனால்தான் காகிதம் எடுத்தேன், நடுவில் யாரும் பிடுங்கிக்கொண்டு பேச முடியாது பார்.

போட்டோ ஸ்டுடியோவுக்கு நான் ஆல்பம் செய்துதரும் கம்ப்யூட்டர் உயிரை விட்ட அன்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, இந்தப் பழைய மாடலுக்கு இனிமேல் கிடைக்காது, புது போர்டு போட்டால் பிராசஸரையும் ராம் என்கிற மெமரியையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அழாத குறையாக உன்னைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ, "அம்மா, போனை அப்பாகிட்ட குடு" என்றாய். நம்ப முடியாமல் போனை அவரிடம் நீட்டினேன். அப்பா தன் லிஃப்ட் கம்பெனியில் உனக்காகச் சொல்லிவைத்த வேலையை வேண்டாம் என்று உதறிவிட்டு நீ அவ்வளவு தூரம் கிளம்பிப் போன நாளிலிருந்து உங்கள் இருவருக்கும் பேச்சு ஏது? நடுவில் நின்றவள் நான். அவர் கேட்கச் சொன்னதை நானாகக் கேட்பதுபோல் கேட்டேன், உன் கோபத்தைப் பாதியாகக் குறைத்து அவரிடம் சொன்னேன், அவர் வாய் திறந்து சொல்லாத பாசத்தை இரண்டு மடங்காக்கி உன்னிடம் சொன்னேன். நீங்கள் பேச வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. பேசினீர்கள். பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் வாரம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அடுத்த வாரம் நீ கூப்பிட்டதும் அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாக்கெட் என்கிறார், சிப்செட் என்கிறார், நடுநடுவே சத்தமாகச் சிரிப்பு வேறு. ஒரு மதர்போர்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போனால் "கொஞ்சம் இரு, முக்கியமா பேசிட்டிருக்கோம்" என்கிறார். கடைசியில் போன் என்னிடம் வரும். "சாப்டியாம்மா, உடம்பு பரவாயில்லையா, சரிம்மா வெச்சிடறேன்" என்பாய். அவருக்கு ஒரு மணி நேரம், எனக்கு மிச்சம் மீதி. வயிறு எரியாதா கண்ணா? ஒரு நாள் சாப்பிடும்போது, "அதுக்குப் பேரே மதர்போர்டு, எல்லாப் பாகமும் அது வழியாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், தெரியுமா" என்று எனக்கே பாடம் நடத்தினார். நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீங்கள் இருவரும் பேசிப் பேசி, ராம் இரண்டே இரண்டு செருகுகிற ஒரு சின்ன போர்டுதான் போதும் என்று முடிவு செய்தீர்கள் பார், அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் யார்? எத்தனை ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டும், எத்தனை திரை வேண்டும் என்று ஒருவராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பழைய ஆல்பங்கள் எல்லாம் நாலு டிஸ்கில் இருக்கின்றன. ஸ்கேனர், பிரிண்டர், வரைகிற பலகை என்று பின்பக்கம் செருக எத்தனையோ இருக்கிறது. அந்தச் சின்ன போர்டில் பாதிக்கு இடம் கிடையாது. அவர் அதற்குள் ராமையும் பிராசஸரையும் வாங்கி வந்து, பட்டுப்புடவை மாதிரி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார். போர்டை மட்டும் அடுத்த ஞாயிறு உன்னிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாங்குவாராம். அந்த இன்னொரு தடவைக்காகத்தான் அவர் நாளைக் கடத்துகிறார் என்பது எனக்கா தெரியாது?

இனி நடந்தது உனக்குத் தெரியாது. "நானும் அம்மாவும் பாத்து வாங்கினோம்" என்று அவர் உன்னிடம் சொன்னாரே, அது பொய். நான் மட்டும்தான் போனேன். நம் கம்ப்யூட்டர் போனதிலிருந்து ஸ்டுடியோவில் அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஓரமாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன் இல்லையா, அங்கிருந்து பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பிராசஸர் டப்பாவில் இருந்ததை எழுதிக்கொண்டேன், நம் கம்ப்யூட்டர் பெட்டியின் உட்புறத்தைத் தையல் டேப்பால் அளந்துகொண்டேன். மனதில் ஒரே எண்ணம்தான். போர்டை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டால் அப்புறம் இந்த இரண்டு பேரும் எதைப் பேசுவார்கள் என்று பார்க்கலாம். கடையில் இருந்த பெண் முதலில், "வீட்ல சார் யாராவது வந்தா விளக்கமா சொல்றேன் மேடம்" என்றாள். "சாருக்கு ஆல்பம் செய்யத் தெரியாது, எனக்குச் சொல்லுங்க" என்றேன். அதற்கப்புறம் அவள் பொறுமையாகத்தான் காட்டினாள். ஒன்றில் விளக்கு எரிந்தது, பார்க்க அழகு, ஆனால் டிஸ்க் மாட்ட இரண்டு இடம்தான். இன்னொன்று அட்டைப்பெட்டி நிறத்தில் மங்கலாக இருந்தது, நாலு டிஸ்க், நாலு ராம், பின்பக்கம் செருக வேண்டிய அளவுக்கு இடம். இந்த பிராசஸர் இதில் உட்காருமா என்று இரண்டு தடவை கேட்டு, அந்த மங்கலையே வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தேன். சத்தம் போடுவார் என்று பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "நல்ல போர்டுதான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட என்ன பேசறது?" என்றார். ஆயிரம் லிஃப்டைப் பிரித்துச் சேர்த்த மனிதர் ஒரு சின்னப் பையன் மாதிரி நின்றார். எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அடுக்களைக்குள் போய்விட்டேன்.

உள்ளே போய் ஒரு பாத்திரம்கூடக் கழுவியிருக்க மாட்டேன், "இங்க வாயேன், இங்க வாயேன்" என்று ஒரே கூப்பாடு. அவர் வாங்கி வைத்திருந்த ராம் என் போர்டில் உட்காரவில்லை. ராமின் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறதே, அது தள்ளி இருக்கிறது. என் போர்டுக்கு அதற்கு அடுத்த வகை ராம்தான் வேண்டுமாம். பிராசஸரைக் கேட்ட நான் ராமைக் கேட்க மறந்துவிட்டேன். நியாயமாக அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். அவர் முகத்திலோ விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம்! "இது சாதாரண விஷயம் இல்ல, அவன்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் உன்னைக் கூப்பிட்டார். உங்கள் பேச்சை நிறுத்த நான் வாங்கிய போர்டு உங்களுக்குப் பேச இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தது. என் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல.

அன்றைக்கு அவர் பால்கனிக்குப் போகவில்லை, மேஜையிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "நாம பாத்ததவிட இதுதான்பா நல்ல போர்டு, அம்மா வேலைக்கு இதுதான் சரி" என்று நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. சொன்னாய், சரி. அதை ஏன் அவரிடம் சொன்னாய்? நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா இப்போது ராமை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் ஒரு திருகைக்கூட முடுக்கவில்லை, நீ வீடியோவில் பார்க்கும்போதுதான் சேர்ப்பாராம். நடக்கட்டும். ஸ்டுடியோக்காரர் இன்னும் ஒரு வாரம் பொறுப்பார், அதற்கு மேல் இழுத்தால் என் ஆல்பங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அதனால் சீக்கிரம் நேரம் ஒதுக்கு. இருமலை அலட்சியம் செய்யாதே, வெந்நீர் குடி, ஒட்ட வெட்டிய தலையோடு குளிரில் வெளியே போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், கை வைத்த வேலை எல்லாம் கூடி வர வேண்டும், அப்பாவோடு இனி ஒருநாளும் பேச்சு நிற்கக்கூடாது. இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன், நம்பு.

ஒன்றை மட்டும் மறக்காதே. போர்டைச் சேர்க்கிற அன்றைக்கு என் போனில் கூப்பிடு. போர்டைப் பொருத்த அவருக்கு இரண்டு கையும் வேண்டும், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவள் நான்தான். கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் என் கையில்தான் இருக்கும். நம் பேச்சு முடியட்டும், அப்புறம் அவர் திருகை முடுக்கலாம்.

இப்படிக்கு,
வரிசையில் முதலில் நிற்கும்
உன் அம்மா