தாளம் தப்பிய இடது கை

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், பின்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவைப் பற்றி இந்த முறை ஒரே வரியில் எழுத முடியாது, ஆனால் பயப்படாமல் படி, அவர் தேறி வருகிறார்.

ஏப்ரலில் சர்க்கரைவள்ளிக் கொடி நடும்போதே அவருடைய இடது கை தானாக எழும்பி எழும்பி ஆடத் தொடங்கியது. நம் தொகுஷிமாவில் ஒருவர் கை தூக்கி ஆடினால் யார் டாக்டரைத் தேடுவார்கள்? ஊரே கை தூக்கி ஆடும் ஆகஸ்டுத் திருவிழா ஆட்டத்துக்கு இப்போதே பயிற்சி என்று தெருவே சிரித்தது, நானும் அவர் மிசோ சூப்பைக் கொட்டியதற்கு "ஆடுற ஆசைய வீதியில வச்சுக்குங்க" என்று திட்டினேன், அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவரோ கை சொன்னபடி கேட்கவில்லை என்பதை மூன்று வாரம் சிரித்தே மறைத்திருக்கிறார். ஆட்டக் குழுவில் புல்லாங்குழல் வாசிக்கும் தொமியோ மாமாதான் கண்டுபிடித்தார். ஒத்திகையில் வாசிப்பை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணி, கையும் காலும் ஒரே பக்கமா சேர்ந்துதானே போகணும், அண்ணனுக்குக் கால் சரியாப் போகுது, கை அதுபாட்டுக்குப் போகுது, முப்பது வருஷத்துல அவர் தாளம் தப்பி நான் பாத்ததில்ல, இது ஆட்டமே இல்ல, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் ஒரு கட்டி தெரிந்தது. லிம்போமாவாக இருக்கலாம், ரத்த வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய் அது, மூளைக்குள் மட்டும் வருவதே அரிது, வந்து இப்படிக் கையை ஆட்டிவைப்பது அதைவிட அரிது என்றார் டாக்டர் நிஷியோகா, உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வீக்கம் வற்ற ஸ்டீராய்டாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். இப்போது கொடுத்தால் கட்டி சுருங்கிவிடும், ஊசியில் துளி சதை எடுத்துப் பார்த்தாலும் என்ன நோய் என்று பிடிபடாது, பொறுங்கள் என்றார். "உங்கப்பாவா இருந்தா பொறுப்பீங்களா" என்று கேட்டே விட்டேன், "பொறுப்பேம்மா" என்றார். ஆறு நாள் பொறுத்தோம், நோய் உறுதியானது, மருந்து ஏற்றினார்கள். இரண்டு சுற்றிலேயே கட்டி பாதிக்குமேல் கரைந்து, கையும் அடங்கிவிட்டது. நேற்று இடது கையில் கிண்ணத்தை ஏந்திச் சாப்பிட்டார், ஆஸ்பத்திரிக் கஞ்சி வெறும் தண்ணீர் என்று குறையும் சொன்னார், அந்தக் குறையைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னும் நான்கு சுற்று இருக்கிறது. திரும்பி வரக்கூடிய நோய் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஆனாலும் அப்பா இதைத் தாண்டுவார், எனக்குச் சந்தேகமே இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, இருவரும் ஒரு குறையுமின்றி நீண்டநாள் வாழ வேண்டும்.

வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வரக்கூடாது என்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது. நான் சொல்கிறேன், அவர் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே வந்து பார், சிஹாரு.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா ஃபுசாயே