பாஸ்போர்ட்டில் உள்ள தலைமுடி

தாண்டிக்குடி காப்பித் தோட்டம்
12.3.1982

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

நான் சுகம். மகளுக்கு இருமல் விட்டதா?

நீங்கள் இருவரும் சிலோனிலிருந்து நல்லபடியாகக் கப்பலேற வேண்டுமென்று பழனியில் மொட்டை போட்டேன். திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "ஏலே, படத்துல இருக்கவன் வேற ஆளு. நீ கள்ளத்தோணியா?" என்றார். அங்கே நம்மைத் திட்டுகிற அதே வார்த்தை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூட வந்த மேஸ்திரி எடுத்துச் சொன்னதும் விட்டுவிட்டார்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மகளுக்கு அங்கே முடி இறக்கிவிடாதே. படத்தில் உள்ளபடி இரட்டைச் சடை போட்டே கூட்டி வா. நீயும் மூக்குத்தியைக் கழற்றாதே. கொஞ்சம் தேயிலைத்தூளும் கொண்டு வா.

தபாலை எடுத்துப்போக லாரி நிற்கிறது. நான் தோட்டத்தைவிட்டு வெளியே போவதில்லை. உங்களை அழைக்க ராமேஸ்வரம் வருவதற்குள் முடி வளர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

சோலைமுத்து