தும்பை ஆற்றைக் கடந்தாளா?

திண்டுக்கல்
12.1.2025

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

மரியே வாழ்க. உங்கள் வீட்டு அம்மனும் வாழ்க.

உன் கடிதம் வந்தது. இங்கே மடத்தில் நவதுறவிகளுக்குப் போன் கிடையாது, கடிதமும் தலைமை மதர் படித்த பிறகுதான் கைக்கு வரும். இந்த முறை அவர் முகம் வெளிறிப்போய் வந்தார். “யாரும்மா இந்தத் தும்பை? ராத்திரி வெள்ளத்துல குதிச்சுட்டான்னு எழுதியிருக்கு. வீட்டுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டார்.

இது விளையாட்டு மதர், என்றேன். ஸ்வர்ணா கதையை நடத்துவாள், தும்பை என்ற பூட்டுத் திருடி நான். தும்பை என்ன செய்கிறாள் என்று நான் எழுதினால், அவள் ஆரணியில் இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்ப்பாள். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பலிக்காது. ஞாயிறு மத்தியானம் உங்கள் மாடியில் நாலு பேராக ஆடியதை இப்போது தபாலில் ஆடுகிறோம் என்று விளக்கினேன். மதர் கொஞ்சம் யோசித்தார். “பகடை அவகிட்ட இருக்கு. என்ன விழுந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அதையே உன்னிடம் கேட்கிறேன்.

ஆற்றைக் கடக்கப் பதினேழு விழுந்தது, பகடை மேசை முழுக்கச் சுற்றி நூல்கண்டில் மோதி நின்றது என்று எழுதியிருக்கிறாய். ஓநாய் கடித்தும் பிழைத்தேன், அம்பு பட்டும் பிழைத்தேன். உங்கள் மாடியில் மாதம் ஒரு வேஷத்தில் செத்தவளுக்கு இங்கே வந்ததும் எப்படி இத்தனை ஆயுசு? உண்மையைச் சொல். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

அன்புடன்,
பிரிஸில்லா


சேவூர், ஆரணி
26.1.2025

அன்பு பிரிசி,

கன்னியாஸ்திரி ஆகப் போகிறவள் இப்படியா சந்தேகப்படுவாய்? பதினேழுதான். சூரிய வெளிச்சத்தில் அந்த எண் பளபளவென்று தெரிந்தது, போதுமா?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கதை நடத்துகிறவள் ஒரு எண்ணை மாற்றினால்தான் என்ன? பாடுபட்டு வளர்த்த தும்பை ஒரு கெட்ட உருட்டலில் மூழ்கிச் செத்தால் யாருக்கு லாபம்? நியாயமா என்று நானும் யோசிக்கிறேன். காலையில் சரி என்று படுகிறது, சாயங்காலம் தப்பு என்று படுகிறது.

இரண்டாவது பவர்லூம் வாங்கலாமா என்று அம்மா கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூ வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் விடுவது. பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. எல்லோரும் கும்பிட்டுக் கிளம்பிய பிறகு மற்றதை நான் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை! கேட்டால், “ஆத்தாவுக்கு எதுக்குடி பேஜாரு? அதான் ரெண்டுலயும் வெள்ளையே வச்சேன்” என்கிறாள். தறி ஓடிகினு இருக்கிறது.

நம்மோடு ஆடிய சார்லிக்குப் போளூரில் வேலை, தமிழ்வாணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாடியில் நான் மட்டும் புடவை டிசைன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கரையேறிய தும்பைக்கு எதிரே கோட்டைக் கதவு. பூட்டுக்குள் விஷ முள். என்ன செய்கிறாள், எழுது.

ஸ்வர்ணா


திண்டுக்கல்
9.2.2025

அன்புள்ள ஸ்வர்ணா,

பூட்டைப் பிறகு பார்ப்போம். பதினேழு என்று நீ உறுதியாக எழுதிவிட்டதால் காரணத்தைச் சொல்கிறேன்.

மே மாதம் எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாழ்வேன் என்று சத்தியம் செய்யும் சடங்கு. இருக்கப் போகிறேனா, வீட்டுக்குத் திரும்புகிறேனா என்று தவக்காலத்துக்குள் சொல்ல வேண்டும். ஜெபத்தில் உட்கார்ந்தால் இங்கேயே இரு என்று தோன்றும், துணி துவைக்கும்போது ஊருக்கு ஓடிவிடலாம் என்று தோன்றும். குழம்பிப்போய் ஒன்று செய்தேன். தும்பையை ஆற்றில் இறக்கும்போது, அவள் கரையேறினால் இங்கே இருப்பேன், மூழ்கினால் ஆரணிக்கு வந்துவிடுவேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கரையேறிவிட்டாள். மதரிடம் என் சம்மதத்தைச் சொல்லிவிட்டேன். உனக்கு நன்றி.

பிரிஸில்லா


சேவூர்
16.2.2025

பிரிசி,

மூன்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவே பிடிக்கவில்லை. தும்பை செத்தால் விளையாட்டு முடிந்துவிடும், பிறகு நீ எதற்கு எனக்கு எழுதுவாய் என்றுதான் மாற்றினேன். உன்னைப் பிடித்து வைக்கச் செய்த காரியம் உன்னை அங்கேயே இருத்திவிட்டது.

இதைச் சொன்னால், உன்னைத் திரும்ப இழுக்கப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பாய். சொல்லாமல் விட்டால், நான் இட்டுக்கட்டிய எண்ணை நம்பி ஆயுசு முழுக்க அங்கே இருப்பாய். எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆசைக்காகச் சொல்லவில்லை. இல்லை, அதற்கும்தான் சொல்கிறேனோ என்னவோ.

விழுந்தது மூன்று.

ஸ்வர்ணா


திண்டுக்கல்
2.3.2025

என் அன்பு ஸ்வர்ணா,

உன் கடிதத்தை மதர் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காய் நறுக்கும்போது பக்கத்தில் வந்து, “மூணா?” என்று மட்டும் கேட்டார்.

உனக்கு ஒன்று தெரியாது. புடவைப் பெட்டியின் மூடியை நிறுத்தி அதன் பின்னால் நீ பகடை உருட்டுவாயே, நாங்கள் மூன்று பேரும் உன் குட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். விழுந்ததை அப்படியே சொன்னால் எண்ணை மட்டும் சொல்வாய். மாற்றிச் சொன்னால் பகடை எப்படி உருண்டது, எதில் மோதியது, வெளிச்சம் எப்படிப் பட்டது என்று அளப்பாய். நூல்கண்டு வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கும் முன்பே தெரியும். நீ தும்பையை மூழ்கவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? உண்மையாகவே கேட்க வேண்டியிருந்தால் இங்கேயே ஒரு சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைக்கிறவளாகப் பார்த்து உன்னிடம் இந்த முடிவைக் கொடுத்திருக்கிறேன். நான் இங்கே இருக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறேன் ஸ்வர்ணா. உன் மூன்றைப் படித்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது. பயம் போகவில்லை, ஆனாலும் இருக்கிறேன். உன்னை இதில் இழுத்துவிட்டதற்கு மன்னித்துக்கொள்.

தும்பை பூட்டைத் திறக்கிறாள். இந்த முறை விழுந்ததை எழுது.

பிரிஸில்லா


சேவூர்
16.3.2025

அன்பு பிரிசி,

ரொம்ப நேரம் அழுதேன், அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். மே மாதம் உன் வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். சார்லியையும் கூப்பிட்டிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவேனா சண்டை போடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. விளையாட்டு இல்லாமலும் நீ எழுதலாம், நானும் எழுதுவேன்.

பூட்டுக்கு விழுந்தது இரண்டு.

ஸ்வர்ணலதா