சூசை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு

என் காதுக்குள் இன்னும் இருமிக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

மழை வந்துவிட்டது. ஐப்பசி பிறந்ததிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த கோவில்பட்டிக்காரர்கள் எல்லாரும் இப்போது குடையைத் தேடி அலைகிறார்கள். நம் கடை வாசலில் தண்ணீர் தேங்கி, மரச்சுருள்கள் அதில் மிதந்து போகின்றன. நீங்கள் ஆவணியில் கண்ணை மூடியதிலிருந்து அவற்றை நான் கூட்டவே இல்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மத்தியான மழையில் கண் சொருகும்போது உள்ளே நீங்கள் இழைப்புளியால் பலகை சீவுகிற சத்தம் கேட்கிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் ஓட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் பலகைமேல் விழுந்துகொண்டிருக்கும். பக்கத்தில் உங்கள் தம்பி சவரிமுத்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். அது மழைச் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "காப்பி வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன். சிரிக்காதீர்கள். பதில் வராத கேள்வியைக் கேட்பது எனக்கொன்றும் புதிதில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது மட்டும் உடனே பதில் சொல்லிவிட்டீர்களாக்கும்!

கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று என் சித்தி கேட்டதற்கு 'பெட்டிக்கடை' என்று சொல்லி அனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெற்றிலை பாக்கு, சோடா கலர் விற்கிற கடை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் சுவரோரம் மாமரப் பலகைகள், நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு சவப்பெட்டி. அன்றைக்கு அழுத அழுகையில் நான் பாதி ஆளாகிவிட்டேன். நீங்கள் எனக்கு உட்கார முக்காலி கொண்டுவந்து போட்டீர்கள்.

பிறகு உங்கள் கூடவே சாவு வீடுகளுக்கு வந்து, பொம்பளைகளைக் குளிப்பாட்டி, சேலை கட்டிவிட்டு, தலை வாரிவிடப் பழகிக்கொண்டேன். அப்போதுதான் உங்களைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அளவு நாடாவை அந்த வீடுகளுக்குள் நீங்கள் கொண்டுபோனதே இல்லை. பருத்தி நூல் ஒன்றை உள்ளங்கையில் சுருட்டிவைத்திருப்பீர்கள். யாரும் பார்க்காத நேரத்தில் அளவு எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். "அந்த வீட்டுப் பிள்ளையெல்லாம் பசியில கெடக்கு. உங்க அடுப்புல கொஞ்சம் கஞ்சி வைங்க தாயி" என்பீர்கள். அதற்குள் பங்குச் சாமியாருக்கு ஆள் போயிருக்கும், வெளியூர்ச் சொந்தத்துக்குத் தந்தி போயிருக்கும், குழி வெட்டவும் ஆள் போயிருக்கும். பள்ளிவாசலிலிருந்து கபர்க் குழிக்குப் பலகை கேட்டு வந்தாலும் சரி, பக்கத்துத் தெருவில் பாடைக்கு மூங்கில் கேட்டு வந்தாலும் சரி, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். செத்த வீட்டுக்காரர்களுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது என்பது உங்கள் பிடிவாதம்.

அதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று உண்டு. அது ஊருக்குத் தெரியாது. நம் கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், முதல் மழையில் ஊதிப்போகும். மழை விட்டதும் கல்லறைத் தோட்டத்தில் குழிமேடுகள் எல்லாம் உள்வாங்கிவிடும். சிலுவைகள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அடுத்த சில நாட்களில் கல்லறைத் திருநாள். ஊர் ஊராகச் சனம் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். பெற்றவளும் கட்டினவளும் வந்து பார்க்கும்போது குழி உள்வாங்கிக் கிடந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அதனால் மழைக்கும் திருநாளுக்கும் நடுவே நீங்கள் மண்வெட்டியோடு போய் மேடுகளை நிரப்பி, சிலுவைகளை நிமிர்த்திவைத்துவிட்டு வருவீர்கள். கேட்டால் "சும்மா அந்தப் பக்கம் போனேன்" என்பீர்கள். முழங்கால் வரைக்கும் ஒட்டியிருக்கும் கரிசலைச் சுரண்டி எடுத்தவள் நான்தானே, எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் சவரிமுத்துக் கொழுந்தனும் நானும் போனோம். மூடாக்கு வானம். தோட்டத்தில் ஒரு குருவிகூட இல்லை. மழை மூட்டத்துக்குள் நீங்கள் இரண்டு வரிசை தள்ளிக் குனிந்து நிற்கிறது போலவே இருந்தது. எல்லாக் குழிகளையும் நிரப்பிவிட்டுக் கடைசியாக உங்களிடம் வந்தோம். உங்கள் மேடும் உள்வாங்கியிருந்தது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் கூடை கூடையாக அள்ளிப் போட்டேன். இந்த ஊருக்கே செய்த மனுஷனுக்கு நானாவது செய்ய வேண்டாமா?

உங்களிடம் கோபமும் இருந்தது. கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம், என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு பிள்ளைகளின் விஷயத்தைச் சொன்னீர்களே! இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததை என் தலையில் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் வந்த பங்குனிக் காய்ச்சலில் செத்து, பக்கத்துப் பக்கத்தில் புதைத்த பிள்ளைகள். அப்போது இங்கே குடியிருந்த கயத்தாறு அந்தோணியம்மாளின் மகன் சூசைக்கு இரண்டு வயசு. கடலைக்காரச் சந்து ரோசம்மாளுக்கு ஆறு வயசு. அவசரத்தில் நட்ட சிலுவைகளில் பெயர் கிடையாது. திருநாளுக்கு முன்னால் அவற்றைப் பிடுங்கிக் கடைக்குக் கொண்டுவந்து, தாரால் பெயர் எழுதித் திரும்ப நடுவது நம் வழக்கம். அந்த வருஷம் சிலுவைகள் கடையில் இருக்கும்போதே பெருமழை கொட்டி, இரண்டு மேடுகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டது. நீங்கள் ஞாபகத்தை நம்பி நட்டீர்கள். மறுவருஷ மழையில் பெட்டி மூடிகள் இற்று, மண் உள்ளே இறங்கியபோதுதான் தெரிந்தது. சூசையின் சிலுவைக்குக் கீழே நீளமான பள்ளம், ரோசம்மாளின் சிலுவைக்குக் கீழே குட்டைப் பள்ளம். பெட்டி செய்த கைக்கு அதைவிடச் சாட்சி எதற்கு? பிள்ளைகள் இடம் மாறியிருந்தார்கள்.

நம் பக்கத்தில் பெண்கள் பிரேதத்தோடு தெருமுனைக்கு மேல் போவதில்லை. அந்தோணியம்மாளின் புருஷனும் அன்றைக்கு லாரியோடு எங்கோ இருந்தார். அதனால் சிலுவை எங்கே நின்றதோ அதுதான் அவளுக்கு மகன். அங்கே ஒரு வருஷம் அழுது, செவ்வந்தியும் நட்டுவிட்டாள். உண்மையைச் சொல்ல நீங்கள் கயத்தாறு வரைக்கும் போய், அவள் கையால் காப்பி குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வந்தீர்களாம். "அழுத எடத்த எப்படிட்டி மாத்தச் சொல்லுவேன்?" என்று என்னிடம் கேட்டீர்கள். அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று உங்கள் காலமே முடிந்துவிட்டது.

அந்தோணியம்மாளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மதினி கிளறுதிய? மண்ணுக்குள்ள ரெண்டும் பிள்ளைதான்" என்றார் கொழுந்தன். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் அவள் நெஞ்சு உடையும். சொல்லாவிட்டால் அந்தச் சின்னப் பையனைத் தாய் ஒருநாளும் தொடப்போவதில்லை. நமக்குப் பிள்ளை இல்லை, பெற்றவள் மனசு எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பயமும் இருந்தது.

திருநாளன்று முதல் பஸ்ஸுக்கே அந்தோணியம்மாள் வந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அண்ணாச்சி போனது கண்டக்டர் சொல்லித்தான் தெரியும் மதினி. துக்கத்துக்கு வரலியேன்னு நெனச்சிராதிய."

பிறகு வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து, மெழுகுவத்தியும் சீனிமிட்டாயும் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "ஏலே சூசை, அம்மா வந்துட்டேன்லே. அப்பா வேற லாரிக்கு மாறிட்டாவ. தங்கச்சி பள்ளிக்கூடம் போறா. உன்னிய மாதிரியே பல்லு..."

மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ!

"அந்தோணி, எந்திரி. அது சூசை இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

இப்படியா போட்டு உடைப்பது? அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் எழுதினது, மழை கொட்டினது, நீளப் பள்ளம், குட்டைப் பள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே ஈரமண்ணில் நகர்ந்து அந்தப் பக்கத்துக் குழிக்குப் போய், இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள்.

"மதினி, இவன் பொறாமைக்காரன். பக்கத்து வீட்டுப் பிள்ளைய நான் தூக்கினாலே மூச்சுமுட்ட அழுவான். இத்தன வருசமும் நான் இன்னொரு பிள்ளையக் கொஞ்சுனதப் பாத்துக்கிட்டுல்லா கெடந்திருக்கான்!"

ஐயோ, நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

விருட்டென்று எழுந்தாள். "அண்ணாச்சிய எங்கன வச்சிருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு பிடித்துவிட்டாள் ஒரு பிடி. "உங்களப் பெரிய மனுசன்னு நெனச்சேனே! எங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சியளே, அப்ப வாய் வரலியா? தாயையும் பிள்ளையயும் பிரிச்சுவச்சு வேடிக்கை பாத்தியளா? நல்லாருக்கா நீங்க செஞ்சது?" தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் தடுக்கப் போனார். நான் அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். திட்டட்டும். எனக்கும் உங்களைத் திட்ட வேண்டியிருந்தது. அவள் எனக்கும் சேர்த்துத் திட்டினாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியபோது சொன்னேன். "அவிய வேடிக்கை பாக்கல தாயி. வருசா வருசம் நீ வந்து இருந்துட்டுப் போற வரைக்கும் அவிய உம் பிள்ளை கெடந்த குழிகிட்டதான் உக்காந்திருப்பாவ. நான் கால்வலின்னு நெனச்சேன். இப்பத்தான் புரியுது."

"சும்மாவா உக்காந்திருந்தாவ?"

"சீட்டியடிச்சிக்கிட்டே இருப்பாவ. மெதுவா, தாலாட்டு மாதிரி."

"அப்படின்னாலும் நான் மன்னிக்க மாட்டேன் மதினி" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிக்க வேண்டாம். பிள்ளைகிட்டப் பேசிட்டு வா" என்றேன்.

வெயில் ஏறுகிற வரைக்கும் சூசையிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் காது கொடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கொழுந்தன் கூப்பிட்டபோது எழுந்து, நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பிள்ளை பேர் என்ன சொன்னிய?"

"ரோசம்மா. அப்பா அம்மா சிலோனுக்குப் போனவிய, திரும்பி வரல."

"அடுத்த வருசம் நான் இவன்கிட்டதான இருப்பேன். அது ஏங்கிரும் மதினி. பேச்சுக் கேட்டே பழகிருச்சு. மெழுகுவத்திய வச்சிட்டு எந்திரிச்சிராதிய. உக்காந்து பேசணும், என்ன?"

தலையாட்டினேன். அவள் போய்விட்டாள். சிலுவைகளைக் கொழுந்தன் பிடுங்கி மாற்றி நட்டார். சனமெல்லாம் கலைந்த பிறகு நான் ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பிள்ளைகளிடம் பேசிப் பழக்கம் கிடையாது. செவ்வந்திச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன். கடைசியில், "பசிக்குதாட்டி?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

கடையைத் திறந்துதான் வைத்திருப்போம். மழை பெய்ததும் மண்வெட்டியோடு போவோம். அந்தோணியம்மாள் மறுபடியும் வந்து திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ரோசம்மாளிடம் திருநாளுக்கு மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய் உட்கார்ந்து பேசுவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ரோசம்மாளுக்கு அம்மா என்று சொல்லிக்கொள்ள இன்னும் கூச்சப்படுகிற,
உங்கள் பெண்டாட்டி
ஞானம்